இளம் விஞ்ஞானியின் முதற் பத்தாண்டு

விஞ்ஞான ஆராய்ச்சியைத் தம் வாழ்க்கைத் தொழிலாக வரித்துக்கொண்ட ஒருவருக்கு, பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த நாள் முதல் நிலையான உத்தியோகம் ஒன்று கைகூடும் நாள் வரையிலான ஏறத்தாழப் பத்து ஆண்டுக் காலமே எல்லாவற்றிலும் கடினமான காலம் என்பதை அந்தத் துறையில் இருந்தவர்கள் எல்லோரும் அறிவர். டாக்டர் பட்டத்துக்கான ஐந்தாறு ஆண்டுகள், அதன் பின் போஸ்ட்-டாக் என்று சொல்லப்படும் தற்காலிகப் பதவிகள் ஒன்றோ இரண்டோ, இடையிடையே உதவித்தொகை வந்து சேராத மாதங்கள், விளம்பரங்களில் குறிக்கப்படும் வயது வரம்பைப் பற்றிய கவலை, எப்போது வேலைக்குப் போகப் போகிறாய் என்று வீட்டார் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிற கேள்வி, இவ்வளவுக்கும் நடுவில்தான் ஒருவர் தமக்கென்று ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதில் ஏதேனும் ஒன்றைப் புதிதாகச் சொல்லி, அது தம்முடையதுதான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்படியும் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தக் காலத்தைக் கடப்பதற்கு மூத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆலோசனைகள் மூன்று தலைப்புகளில் அடங்கிவிடும். பலரோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்த ஒன்றையே பிடித்துக்கொண்டிராமல் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். நல்ல வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். மூன்றும் சரியான ஆலோசனைகளே. ஆனால் தொடர்பு என்பது பெரிய மனிதர்களின் தயவைச் சம்பாதிப்பது என்றும், நெகிழ்வு என்பது கிடைத்ததை ஏற்றுக்கொண்டு அடங்கிப் போவது என்றும், வழிகாட்டல் என்பது ஒரே ஆசிரியரின் நிழலில் இறுதிவரை ஒதுங்கியிருப்பது என்றும் நம்முடைய ஆராய்ச்சி நிலையங்களில் பலரும் அர்த்தப்படுத்திக்கொண்டுவிட்டதால், அவற்றால் விளையக்கூடிய நன்மையில் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளையும் சமூகவியலார் இவ்விஷயத்தில் ஆராய்ந்து கண்டவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று உண்டு. இளம் விஞ்ஞானி செய்கிற வேலை ஒரே அறையில், ஒரே மனிதருடைய பார்வையில் முடங்கிவிடாமல், அதைச் சோதித்துப் பார்க்கத் தகுதியுள்ள பலரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே இம்மூன்றுக்கும் பொதுவான நோக்கம். அது நிறைவேறாத இடத்தில் மூன்றும் வெறும் சம்பிரதாயங்களே.

தொடர்பைப் பற்றி முதலில் பார்ப்போம். 1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பௌதிகப் பேராசிரியர் ஆர்னால்ட் ஸம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சொற்பொழிவாற்றியபோது, அங்கே பட்ட வகுப்பில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் மறுநாளே அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போய் அவரைச் சந்தித்தார். அணுவின் அமைப்பைப் பற்றி ஸம்மர்ஃபெல்ட் எழுதிய பெரிய நூலைத் தாமாகவே முழுதும் படித்து முடித்திருந்த அந்த மாணவரிடம், அந்த நூல் எழுதப்பட்ட பிறகு பௌதிகமே மாறிவிட்டது என்றும், ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் முதலியோர் புதிய குவாண்டம் விசையியலைக் கட்டிவிட்டார்கள் என்றும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அரும்பாடுபட்டுக் கற்றதெல்லாம் பழையதாகிவிட்டது என்று அறிந்த எந்த மாணவரும் மனமுடைந்து போயிருப்பார். ஆனால் ஸம்மர்ஃபெல்ட் அத்துடன் அவரை அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்களின் நடத்தையைப் புதிய புள்ளியியலைக்கொண்டு விளக்கித் தாம் எழுதி, அப்போது இன்னும் வெளிவராமலிருந்த கட்டுரையின் அச்சுப் படிகளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அதற்குப் பின் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் அந்தச் சந்திப்பின் மதிப்பு விளங்கும். அந்தப் படிகளிலிருந்து ஃபெர்மி-டிராக் புள்ளியியலைக் கற்றுக்கொண்ட சந்திரசேகர், சில மாதங்களுக்குள் அதனைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதே புள்ளியியலை வெண்குறு விண்மீன்களுக்குப் பொருத்தியிருந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரால்ஃப் ஃபௌலரின் ஆராய்ச்சியைப் படித்து, முன்பின் தெரியாத அந்த மனிதருக்கே 1929 ஜனவரியில் தம் கட்டுரையை அனுப்பிவைத்தார். ஃபௌலர் சில திருத்தங்களைச் சொல்லி, அது ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வருவதற்குத் துணை செய்தார். 1930-இல் சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டதும் ஃபௌலரிடம் மாணவராகத்தான். அந்தக் கப்பல் பிரயாணத்தின்போதே, அவர் பெயரால் இன்று வழங்கும் விண்மீன் எடை வரம்பின் கணக்கை அவர் போட்டுப் பார்த்தார். ஒரு ஹோட்டல் அறையில் நிகழ்ந்த பேச்சிலிருந்து இவ்வளவும் கிளைத்தன. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, சந்திரசேகர் அந்தப் பெரியவரிடம் சிபாரிசுக் கடிதமோ வேலையோ கேட்கவில்லை என்பது. அவருடைய நூலைப் படித்துவிட்டுப் போனார். பெற்றுக்கொண்டு வந்ததும் படிக்க வேண்டிய ஒரு கட்டுரைதான். அடுத்த மனிதரிடம் போனபோது தாம் செய்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு போனார்.

சீனிவாச ராமானுஜனின் கதையை நாம் பள்ளிப் பருவம் முதல் கேட்டுவருகிறோம். கேட்டதாலேயே அதைத் தவறாகவும் நினைவில் வைத்திருக்கிறோம். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார், ஹார்டி கண்டுகொண்டார் என்ற அளவில் அது சுருங்கிவிட்டது. உண்மையில் 1913 ஜனவரியில் அந்தக் கடிதம் போவதற்கு முன்பே மூன்று ஆண்டுகளாக ஒரு மனிதச் சங்கிலி இயங்கிக்கொண்டிருந்தது. 1910-இல் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவருமான வி. ராமஸ்வாமி ஐயரிடம் ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த நோட்டுகளைப் பார்த்த ஐயர் அவரைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக்கிவிட மனமில்லாமல் சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவர்களில் சேஷு ஐயர் அவரை நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911-இல் கணிதக் கழகத்தின் இதழிலேயே அவருடைய முதற் கட்டுரை வெளியாயிற்று. 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதத்தில் தேர்ச்சியுள்ளவர். தலைவர் ஸர் ஃப்ரான்ஸிஸ் ஸ்ப்ரிங்கும் கருணையுள்ளவர். எஞ்சினியரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு எழுதினார். முடிவிலித் தொடர்களைக் கையாள்வதில் ராமானுஜன் எங்கே வழுக்குகிறார் என்பதை ஹில் சுட்டிக்காட்டிப் படிக்க வேண்டிய நூலின் பெயரையும் எழுதினார். பேக்கர், ஹாப்ஸன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் கைவிரித்துவிட்ட பின்னரே ஹார்டியின் முறை வந்தது. அதன் பிறகும், வானிலைத் துறையின் தலைவராக இருந்த கணித வல்லுநர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்த சமயத்தில் அந்த நோட்டுகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதால்தான் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை 1913 மே மாதம் முதல் கிடைத்தது. அபாரமான மேதைக்கே இத்தனை கைகள் தேவைப்பட்டன என்றால், சாதாரணத் திறமையுள்ள நம்மவர்கள் தனியே உட்கார்ந்து உழைத்தால் போதும் என்று நினைப்பதற்கு இடமே இல்லை.

அந்தச் சங்கிலியில் இருந்தவர்களில் ராமானுஜனின் உறவினர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரை அறிந்தவர் என்ற அளவில்தான் பிணைப்பு இருந்தது. அமெரிக்கச் சமூகவியலார் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதற்கு விளக்கம் தருகிறது. பாஸ்டன் நகருக்கு அருகில் புதிய வேலை பெற்ற தொழில்நுட்ப, நிர்வாகத் துறையினரை விசாரித்து, தெரிந்தவர் மூலம் வேலையைப் பற்றி அறிந்தவர்களில் ஆறில் ஒருவருக்கே அந்தச் செய்தி அடிக்கடி சந்திக்கும் நெருங்கிய நண்பரிடமிருந்து வந்தது என்றும், மற்றவர்களுக்கு எப்போதாவது சந்திக்கும் பரிச்சயக்காரர்களிடமிருந்தே வந்தது என்றும் அவர் கண்டார். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்துப் பரிச்சயக்காரர் வேறு வட்டத்தில் நடமாடுகிறவர். ஒரே லாபில் நாள் முழுதும் உடனிருப்பவர்களோடு மட்டும் பழகும் ஆராய்ச்சி மாணவருக்கு மனத் தெம்பு கிடைக்கலாம். புதிய செய்தி கிடைப்பது அரிது.

இன்றைய மாணவர் இதை எப்படிச் செய்வது? கருத்தரங்குக்குப் போனால் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவரைச் சூழ்ந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட, தம்மைப்போலவே போஸ்டர் ஒட்டிவைத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்களா என்று நிற்கும் சக மாணவரிடம் போய் அரைமணி நேரம் பேசுவது நீண்ட காலத்தில் அதிகப் பயன் தரும். அவரும் பத்தாண்டுகளில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராவார். முன்பின் அறியாத விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதும்போது, உங்கள் மேலான ஆராய்ச்சியால் கவரப்பட்டேன் என்று தொடங்கிப் பத்துப் பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்பினால் எவரும் பதில் எழுத மாட்டார்கள். இன்ன கட்டுரையின் மூன்றாம் படத்தில் இன்ன வெப்பநிலைக்கு மேல் அளவீடு ஏன் நிறுத்தப்பட்டது, நான் அதே பொருளை வேறு வழியில் தயாரித்தபோது இன்னதைக் கண்டேன் என்று ஐந்தாறு வரிகளில் எழுதினால், பத்துப் பேரில் இருவராவது எழுதுவார்கள். ஏனென்றால் தம் கட்டுரையை ஒருவர் உண்மையாகவே படித்திருக்கிறார் என்பது எந்த விஞ்ஞானிக்கும் கிடைத்தற்கரிய சந்தோஷம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் விட்டுவிட வேண்டும். தயவு தேடி அலைவது, சாதிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லி நெருங்குவது, ஆராய்ச்சியில் பங்கில்லாதவரின் பெயரைக் கட்டுரையில் சேர்த்து நன்றிக்கடன் தீர்ப்பது ஆகியவற்றையும் சிலர் தொடர்பு என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றால் வரும் பதவியும் நிலைப்பதில்லை, விஞ்ஞானமும் வளர்வதில்லை.

இனி நெகிழ்வு. சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் அமெரிக்காவில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற கையோடு, தமக்கு இனி ஆர்வம் உயிரியலில்தான் என்று தேர்ந்து, ஸான் டியேகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து இரண்டாண்டுகள் அரிச்சுவடியிலிருந்து படித்தார். இரண்டாம் டாக்டர் பட்டம் பெறுவது அவர் நோக்கமன்று. போதுமான அளவு கற்றதும் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூர் என்பவரிடம் சேர்ந்து, உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமை ஆராயத் தொடங்கினார். அதன்பின் ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டும் ஆசிரியப் பதவி கிடைக்காமல், ஓக் ரிட்ஜிலும் பின்பு ப்ரூக்ஹேவனிலும் தேசிய ஆராய்ச்சி நிலையங்களில் வேலை பார்த்தார். நியூட்ரான் சிதறல் முறையால் தம் கேள்விக்கு விடை காண முடியாது என்று தெரிந்ததும், நாற்பதை நெருங்கும் வயதில், ஓராண்டு விடுப்பில் கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் படிகவியலைக் கற்றுக்கொண்டார். 1999-இல் குறைந்த சம்பளத்துக்கு அதே கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தார். 2000-இல் ரைபோசோமின் சிறிய பகுதியின் அமைப்பு வெளியாயிற்று. 2009-இல் நோபெல் பரிசு. இந்த வரலாற்றில் ஊர் மாறியது, துறை மாறியது, கருவி மாறியது. 1978 முதல் கேள்வி மட்டும் மாறவில்லை. நெகிழ்வுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

ஜி. என். ராமச்சந்திரனின் வரலாறு வேறு விதமானது. அங்கே கேள்வியே வெளியிலிருந்து வந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்து, ஸி. வி. ராமனின் பௌதிகத் துறைக்கு மாறி, கேம்பிரிட்ஜுக்கும் போய்வந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரின் அழைப்பில், ராமனின் பரிந்துரையுடன், 1952-இல் முப்பது வயது நிரம்புமுன் கிண்டியில் புதிய பௌதிகத் துறையின் தலைவரானார். அங்கே வந்திருந்த பிரிட்டிஷ் படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். ராமச்சந்திரனுக்குப் புரதங்களில் அதுவரை பழக்கமில்லை. ஆனால் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் கைவந்த கலை, அதோடு பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாணின் கொலாஜன் கிடைத்தது. 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் அவர் மூவிழைச் சுருள் அமைப்பை 'நேச்சர்' இதழில் முன்வைத்தார். அணுக்கள் அதில் மிக நெருக்கமாக அமைகின்றன என்று கிரிக், ரிச் என்ற இருவர் கேம்பிரிட்ஜிலிருந்து ஆட்சேபித்தனர். புரதங்களில் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி வரலாம் என்று அந்த ஆட்சேபத்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்ததன் பலனே, சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் உடன் உழைக்க, 1963-இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம்; இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பு தீர்க்கப்பட்டாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். விருந்தினர் ஒருவரின் பேச்சு, பக்கத்துக் கட்டிடத்தின் பொருள், போட்டியாளரின் கண்டனம் ஆகிய மூன்றையும் தம் வேலைக்குள் அனுமதித்த அந்த மனப்பாங்கைத்தான் இளைஞர்கள் கற்க வேண்டும்.

கட்டாயத்தினால் நெகிழ்ந்தவர்களும் உண்டு. ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் வைரம், மாணிக்கம் முதலிய கற்களின் ஒளிர்வை ஆராய்ந்து, 1942 முதல் 1945-க்குள் ஐந்து கட்டுரைகளைத் தனியாகவே எழுதிய அன்னா மாணிக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. பௌதிகம் படிக்க இங்கிலாந்து போனவருக்கு அங்கே கிடைத்த இடம் வானிலைக் கருவிகளில் பயிற்சிக்கான இடமே. அதை ஏற்று, 1948-இல் திரும்பி வந்து, பூனாவில் வானிலைக் கருவிகளை நாட்டிலேயே செய்வதற்கு அடிப்படை அமைத்து, சூரிய வெப்பத்தையும் ஓசோனையும் அளக்கும் பணியில் உலகறிந்த நிபுணரானார். ஸ்பெக்ட்ராஸ்கோபியில் பழகிய அளவீட்டு நுட்பம் அவரோடு கூடவே போயிற்று. அந்த வெற்றியைப் போற்றும்போதே, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அந்த வெற்றியைக் காட்டி நியாயப்படுத்தக் கூடாது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாமலிருப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. சந்திரசேகர் தம் எடை வரம்பை 1935 ஜனவரியில் வானியல் அறிஞர் எடிங்டன் பகிரங்கமாக மறுத்த பிறகு, வாதத்தை நீட்டிக்கொண்டிராமல், கண்டதை 1939-இல் ஒரு நூலில் எழுதிவைத்துவிட்டு அந்தத் துறையிலிருந்தே விலகினார். அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு துறையாக எடுத்து ஆழ உழுவதைத் தம் வழக்கமாக்கிக்கொண்டார். ஹங்கேரியில் பிறந்த காட்டலின் காரிகோவோ, தூது ஆர்.என்.ஏ.-யை மருந்தாக்கலாம் என்ற ஒரே எண்ணத்தை, பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் பதவி இறக்கப்பட்ட பிறகும் கைவிடவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகில் பழக்கமான ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005-இல் அதற்கு வழி கண்டார். 2023-இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். இவ்விரு வழிகளும் சரியானவையே. ஆனால் சந்திரசேகர் விலகியது தம் வேலையைச் செய்து முடித்து எழுதிவைத்த பிறகு. காரிகோ பிடிவாதமாக இருந்தது ஒவ்வொரு ஆண்டும் ஆராய்ச்சி மேசையில் ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கண்டுகொண்டிருந்ததனால். வேலை பாதியில் நிற்கும்போது ஓடுவதும், எதுவும் அசையாதபோது அசையாமல் நிற்பதும் வேறு. ஆசிரியப் பதவியை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு, மருந்துக் கம்பெனி, காப்புரிமை அலுவலகம், விஞ்ஞான இதழியல், கருவித் தயாரிப்பு ஆகியவற்றுக்குப் போவதைத் தோல்வியென்று எண்ணுவதும் நம்மிடையே உள்ள ஒரு தப்பெண்ணம். அதைக் களைய வேண்டியவர்கள் முதலில் பேராசிரியர்களே.

வழிகாட்டலே இம்மூன்றிலும் நுட்பமானது. 1967-இல் உயிர்வேதியியல் அறிஞர் ஹான்ஸ் கிரெப்ஸ் ஒரு கட்டுரையில் தம் குருபரம்பரையை எழுதினார். தாம் ஆட்டோ வார்பர்கின் மாணவர், வார்பர்க் எமில் ஃபிஷரின் மாணவர், ஃபிஷர் பேயரிடமும், பேயர் கெகுலேயிடமும், கெகுலே லீபிக்கிடமும் பயின்றவர்கள் என்று போய், அது கே-லுஸாக்கையும் பெர்த்தொலேயையும் தொட்டது. சமூகவியலார் ஹாரியட் ஸக்கர்மன் 1977-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1972 வரை நோபெல் பரிசு பெற்ற 92 அமெரிக்க விஞ்ஞானிகளில் 48 பேர் தமக்கு முன் பரிசு பெற்றவர்களிடம் பழகியவர்கள் என்று காட்டினார். அவர்கள் ஆசிரியரிடம் பெற்றதாகச் சொன்னது தகவல்களை அன்று. எந்தப் பிரச்சினை உழைப்புக்குத் தகுதியானது, எந்த அளவு நிரூபணம் போதும், எப்போது கட்டுரையைக் கிழித்துப் போட வேண்டும் என்ற ரசனையையே.

ராமனிடம் அந்த ரசனை இருந்தது. 1923-இல் கல்கத்தா வந்து அவரிடம் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அதைப் பெற்றார். 1928 பிப்ரவரி 28-இல் முடிந்த ராமன் விளைவின் கண்டுபிடிப்பில் பெரும் பங்கெடுத்த கிருஷ்ணன், புகழ் உச்சத்திலிருந்த அந்தக் கூடத்தை அதே ஆண்டு இறுதியில் விட்டு டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், படிகங்களின் காந்தப் பண்புகளில் தமக்கென்று ஒரு துறையையே அமைத்துக்கொண்டார். அவர் கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் ராமனின் உதவியாளராகவே எண்ணப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன். அதே ராமன்தான் 1933-இல் பெங்களூரில், பெண் என்ற காரணத்துக்காகக் கமலா ஸோஹோனிக்கு இடம் மறுத்தார். ஸோஹோனி விடாமல் நின்று, ஓராண்டு நிபந்தனையின் பேரில் சேர்ந்து, பின்னர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஒரே ஆசிரியர் ஒருவருக்கு வாசலாகவும் மற்றொருவருக்குத் தடையாகவும் இருந்தார் என்பதிலிருந்து நாம் பெறும் பாடம், மாணவரின் எதிர்காலம் முழுவதையும் எவ்வளவு பெரிய ஒரு மனிதரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதே.

நம் பல்கலைக்கழகங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. 'கைடு' கையெழுத்திட்டால்தான் உதவித்தொகை; அவர் சம்மதித்தால்தான் கருத்தரங்குப் பயணம்; அவர் திருப்தியடைந்தால்தான் ஸினாப்ஸிஸ்; அவரே வைவாவுக்கு வருகிறவர்களின் பெயரையும் முன்மொழிகிறார். நல்லவரிடம் சேர்ந்தவர் பிழைத்தார். 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி ஒரு பேராசிரியர் எட்டு மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் ஏற்கக் கூடாது. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் தம் ஆலோசனைக் குழுவின் முன் வேலையின் வளர்ச்சியை எடுத்துச் சொல்ல வேண்டும். இந்தக் குழு பல இடங்களில் தேநீரும் கையெழுத்துமாக இருபது நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் மாணவர் இந்தக் குழுவைத் தம் கையிலிருக்கும் மிகச் சிறந்த உரிமையாகக் கருத வேண்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, வெற்றியடைந்த சோதனைகளோடு தோல்வியடைந்தவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதிக் குழுவினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, எனக்கு இந்த இரண்டு கேள்விகளில் உதவி வேண்டும் என்று சொல்லிவைத்தால், அந்த உறுப்பினர்களே இரண்டாம், மூன்றாம் வழிகாட்டிகளாகிவிடுவார்கள். ரசனைக்கு ஒருவர், கருவி நுட்பத்துக்கு ஒருவர், உத்தியோக விஷயங்களுக்குத் தம்மைவிட ஐந்து வயதே மூத்த ஒருவர் என்று பிரித்து வைத்துக்கொள்வதில் குருத்துரோகம் எதுவும் இல்லை.

இளையவரின் உழைப்பு மூத்தவரின் கணக்கில் ஏறிவிடுகிற அபாயத்தையும் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே புகழுள்ளவருக்கே மேலும் புகழ் சேர்கிறது என்பதை 1968-இல் சமூகவியலார் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டி, விவிலியத்திலுள்ள மத்தேயுவின் பெயரால் அதற்குப் பெயரிட்டார். அந்தக் கட்டுரைக்கு வேண்டிய பேட்டிகளில் பெரும்பகுதி ஸக்கர்மன் எடுத்தவை. அவர் பெயரும் ஆசிரியராக இடம்பெற்றிருக்க வேண்டும் என்று 1973-இல் மெர்ட்டனே எழுத்தில் ஒப்புக்கொண்டார். இந்த நியதியை விளக்கிய அறிஞரே அதற்கு ஆட்பட்டார் என்றால், கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை வேலை தொடங்கும்போதே பேசித் தீர்த்துக்கொள்வதற்கு எந்த மாணவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இவ்வளவும் தனிமனிதரின் முயற்சிக்கு உட்பட்டவை. ஆனால் மாதா மாதம் வர வேண்டிய உதவித்தொகை அரையாண்டுக்கு ஒரு முறை வந்தால், நெகிழ்ந்து கொடுக்க இளைஞரிடம் என்ன மிச்சமிருக்கும்? 2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது நல்ல செய்தி. அது தேதி தவறாமல் கைக்கு வருவது அதைவிட முக்கியம். மகப்பேற்றாலும் குடும்பக் கடமைகளாலும் தொழிலில் இடைவெளி விழுந்த பெண்களுக்கு மத்திய அரசின் விஞ்ஞானத் துறை நடத்திவரும் திட்டம் பலரை மீட்டிருக்கிறது. உயிரியல் துறையில் 2009-இல் தொடங்கிய இளம் ஆய்வாளர் கூட்டம், புதிதாக லாபு தொடங்குகிறவர்களையும் மூத்தவர்களையும் சில நாள் ஒரே இடத்தில் தங்கவைத்துப் பேசச் செய்கிறது. இவை பெருக வேண்டும்.

கேம்பிரிட்ஜில் 1962-இல் திறக்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிக் கூடத்தில், தலைவர் மாக்ஸ் பெரூட்ஸ் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியிடம் ஒதுக்கினார். அவர் மனைவி கிஸேலா அதை இருபது ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்த்தார். நோபெல் பரிசு பெற்றவரும் நேற்றுச் சேர்ந்த மாணவரும் காலைக் காபிக்கும் பிற்பகல் தேநீருக்கும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத வழக்கம். காரைக்குடியிலோ திருநெல்வேலியிலோ சேலத்திலோ ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவிக்கு அத்தகைய மேசை கிடையாது. அருகிலுள்ள நான்கைந்து கல்லூரிகளின் ஆராய்ச்சி மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடி, கைடுகள் இல்லாமல், முடியாத வேலையைப் பற்றி ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்வதற்கு ஓர் அறையும், பஸ் கட்டணமும், அன்றைக்கு வருகைப் பதிவில் விலக்கும் கொடுத்தால், அந்தக் குறை ஓரளவு நீங்கும். இதற்குப் புதிய ஸ்தாபனமோ அரசாணையோ தேவையில்லை. துறைத்தலைவர்கள் சம்மதித்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.